சுவர் இருந்த இடத்தில் எங்கள் மகள்

இன்னும் சில வாரங்களில் உங்களில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு சபைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். ஞானஸ்நானம் கொடுப்பது எப்படி, திருவிருந்து நடத்துவது எப்படி, கமிட்டியில் சண்டை வந்தால் யாரை முதலில் பேசவிடுவது என்பதெல்லாம் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதற்குள் நான் போகப்போவதில்லை. எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஓய்வு பெற்றவளுக்கு ஒரு வசதி உண்டு. யாரும் கேட்காததையும் சொல்லலாம்.

உங்களில் சிலர் கணவனும் மனைவியுமாகவே ஊழியத்துக்குப் போகிறீர்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். என் கணவர் சாமுவேல், இதைத் தான் ஒருமுறை படித்துப் பார்த்த பிறகுதான் உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்றார். படித்தார். ஓரிடத்தில் மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வந்தார். ஒரு வரியையும் அடித்துவிடவில்லை. ஆகையால் இதில் இருப்பது எங்கள் இருவர் வார்த்தையும்தான்.

1993-இல் நாங்கள் விழுப்புரத்துக்கு வந்தோம். இருவரும் ஒரே வகுப்பில் இறையியல் படித்தவர்கள். ஆனால் அவருக்குத்தான் குருப்பட்டம் கொடுத்திருந்தார்கள், உதவி ஆயராக. எனக்கு அது கிடைக்கப் பல வருடங்கள் ஆயின. அதுவரை ஊரெல்லாம் எனக்கு வைத்த பெயர் 'பாஸ்டரம்மா'. தேநீர் போடுவது, ஞாயிறு பள்ளி நடத்துவது, கல்யாணப் பெண்ணுக்கு முக்காட்டைச் சரிசெய்வது, இவைதான் பாஸ்டரம்மாவின் வேலை.

ஒரு சனிக்கிழமை ரயில்வே குடியிருப்பிலிருந்து ஒரு கல்யாணம். ஆலயம் நிறைந்திருந்தது. பக்கத்து அறையில் கல்யாணப் பெண்ணின் முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு வேணாங்க்கா."

"பயமா இருக்குதா, இல்ல வேணவே வேணாமா?"

"வேணவே வேணாம். என்னை ஒருத்தரும் கேக்கவே இல்லக்கா."

நான் போய் மூத்த ஆயரிடம் சொன்னேன். அவர் பெயர் வேண்டாம், அவருக்கே அது பிடிக்காது. பெண்ணின் அப்பாவும் பின்னாலேயே ஓடிவந்தார். "ஐயா, ஜனங்க காத்துக்கினு இருக்குறாங்க. ஜல்தி ஆரம்பிங்க. தாலி ஏறிட்டா எல்லாம் சரியாப் பூடும்."

மூத்த ஆயர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஜனங்களுக்கு உக்கார பெஞ்சு இருக்குது. பாட்டும் தெரியும். பாடட்டும்," என்றார். ஆர்கன் வாசிப்பவரிடம், தான் வரும்வரை நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லிவிட்டு, அறைக்குள் வந்து, பெண்ணுக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நான் கேட்ட அதே கேள்வியைப் பெண்ணிடம் திரும்பக் கேட்டார், அப்பாவின் காதில் விழும்படி. பதில் வந்தது. அப்பா கத்தினார், அழுதார், பிறகு அமைதியானார். வெளியே பாட்டுமேல் பாட்டாகப் போய்க்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் பாட்டுக்கே வந்துவிட்டார்கள். கடைசியில் மூத்த ஆயர் வெளியே போய் நின்று, "இன்னிக்குக் கல்யாணம் இல்லை. ஆனா சாப்பாடு தயாரா இருக்குது. எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார்.

சபையே கொதித்தது. அவர் அசையவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்: "காத்துக்கினு இருக்குறாங்கன்றது அவசரம்தாம்மா. ஆனா அது ஒரு காரணம் கிடையாது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே." அந்தப் பெண் பிறகு நர்சுக்குப் படித்து, தனக்குப் பிடித்தவரையே கட்டிக்கொண்டாள். ஆனால் அவர் அன்று செய்தது அது நன்றாக முடியும் என்று தெரிந்து அல்ல. ஒன்றும் தெரியாமலேதான் நிறுத்தினார். அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

அதற்குச் சில வருடங்கள் கழித்து எங்களுக்குத் தனிச் சபை கொடுத்தார்கள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, கூட்டேரிப்பட்டில் இறங்கி உள்ளே போகும் சாலையில் ஒரு கிராமம். அதன் பெயரை எழுதமாட்டேன். அந்த ஊர்க்காரர்கள் இப்போது வேறு மனிதர்கள். பழைய கணக்கில் அவர்களை யாரும் அடையாளம் காட்ட வேண்டாம்.

ஆலயத்துக்கு ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் காலனி. இரண்டு பக்கமும் கிறிஸ்தவர்கள். ஒரே கர்த்தர், ஒரே ஆலயம், ஆனால் ஊர்க்காரர்கள் முன்னால் பெஞ்சில், காலனிக்காரர்கள் பின்னால் பாயில். திருவிருந்து முன்னாலிருந்து தொடங்கிப் பின்னால் போகும். கல்லறைத் தோட்டத்தில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு செங்கல் சுவர், நீளவாக்கில் இரண்டாகப் பிரித்துக்கொண்டு. ஊர்ப் பக்கத்துக்குச் சாலையில் ஒரு வாசல். காலனிப் பக்கத்துக்கு, மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலைக் கொல்லையின் வரப்பு வழியாகப் பின்வாசல்.

நாங்கள் சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோதே சபைச் செயலாளர் ஞானமுத்து வந்தார். சொந்த நிலத்தில் மல்லாட்டை போடுகிறவர். நல்ல உழைப்பாளி, உரத்த குரல். சாமானுக்கு ஒரு கை கொடுத்துக்கொண்டே கேட்டார்: "நீங்க இன்னா ஆளுங்கையா?"

"கூட்டேரிப்பட்டுல பஸ்ஸ விட்டு எறங்கின ஆளுங்க," என்றார் சாமுவேல்.

ஞானமுத்து சிரித்துவிட்டார். ஆனால் கேள்வி நிற்கவில்லை. இரண்டு பக்கமும் எங்கள் பேச்சு, சமையல், சொந்த ஊர் எல்லாவற்றையும் வைத்து ஊகம் செய்துகொண்டே இருந்தார்கள். உண்மை என்னவென்றால், நாங்கள் இருவரும் ஒரே சாதி இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. இதை அந்த ஊரில் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தோம். சொன்னால் நாங்கள் யாருடைய ஆயர் என்ற சண்டை தொடங்கிவிடும்.

ஒரு ஈஸ்டர் அன்று சாமுவேல் அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு நேராகப் பின்னால் போய், பாயில் உட்கார்ந்திருந்தவர்களிடமிருந்து தொடங்கினார். முன் பெஞ்சுகளில் பாதி காலியானது. ஞானமுத்து வெளியேறவில்லை, ஆனால் மாலையில் வந்தார்.

"ஐயா, நீங்க கொஞ்ச வருஷம் இருந்துட்டுப் பூடுவீங்க. நாங்க இங்கியே மொகம் பாத்துக்கினு இருக்கணும். பேஜாரு பண்ணாதீங்க."

நான்தான் உள்ளிருந்து வந்து கேட்டேன்: "அண்ணே, ஏரித் தண்ணியை எப்படிப் பாய்ச்சுறீங்க?"

"முறை வச்சுதான்."

"மேல்மடைக்காரரே எப்பவும் முதல்ல பாய்ச்சிக்கினா?"

"அதெப்படி? வெட்டுக்குத்தாயிடும்."

"அப்ப இதுலயும் முறை வைங்க. ஒரு மாசம் முன்னாலிருந்து, ஒரு மாசம் பின்னாலிருந்து."

அவர் யோசித்தார். முறை என்ற வார்த்தை அவருக்குப் பழகிய வார்த்தை, அதில் தோல்வி இல்லை. "முறைன்னா சரிதான்," என்றார். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஆனா கல்லறையில மட்டும் கைவைக்காதீங்கம்மா. அது எங்கப்பா கட்டுன சுவரு."

நாங்கள் கைவைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்யப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த மே மாத மாற்றலில் அவர்கள் வேறு சபையில் இருப்பார்கள்.

எங்களுக்கு ஒரே மகள், கிருபா. விழுப்புரத்தில் பிறந்தவள், இந்தக் கிராமத்தில் வளர்ந்தவள். நாங்கள் குடியிருந்த குருமனை ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருந்ததால் அவளுக்கு இரண்டு பக்கமும் சொந்த வீடு மாதிரி. காலையில் ஞானமுத்துவின் அம்மா வீட்டில் இட்லி, மத்தியானம் காலனியில் எலிசா வீட்டில் கேப்பைக் கூழும் கருவாடும். எலிசா செங்கல் சூளைக்குப் போகிற பெண். யாருக்கும் குனியாத பேச்சு. அவளுடைய மடியில் உட்கார்ந்து தலையில் பேன் பார்த்துக்கொண்டால்தான் கிருபாவுக்குச் சனிக்கிழமை முடியும். இந்த வீட்டுச் சேதியை அந்த வீட்டுக்கும், அந்த வீட்டுச் சேதியை இந்த வீட்டுக்கும் கொண்டுபோவாள். பாட்டு சுத்தமாக வராது, ஆனால் பாடகர் குழுவில் முன்னால் நிற்பாள். ஞானமுத்து ஞாயிறு அறிவிப்பு வாசிக்கிற தோரணை இருக்கிறதே, தொண்டையைச் செருமி, "ஆகவே சபையார் அனைவரும்" என்று இழுப்பாரே, அதை அவர் முன்னாலேயே செய்துகாட்டுவாள். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அவரை அப்படிச் சிரிக்கவைத்த ஒரே ஆள் அவள்தான் என்று அவர் மனைவியே சொல்வாள்.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. திண்டிவனத்தில் காட்டினோம். தலைவலி என்று துடித்தாள். பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மூளைக்காய்ச்சல். டாக்டர்கள் கைவிடவில்லை, கடைசிவரை நின்று பார்த்தார்கள். ஒரு பிற்பகலில், சாமுவேல் அவள் காலைப் பிடித்தபடி நிற்கும்போது, போய்விட்டாள்.

அதைப் பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை. எழுதி ஆற்றிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு ஆகவில்லை.

மறுநாள் காலை குருமனை முற்றத்தில் கூட்டம். ஊரும் காலனியும் ஒன்றாக நின்றதை அன்றுதான் பார்த்தேன், அப்போதும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட்டு. அடக்க ஆராதனை நடத்த அக்கம்பக்கத்துச் சபை ஆயர் ஒருவர் வந்திருந்தார். ஞானமுத்து வந்து சாமுவேலின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, பாப்பாவுக்கு எடம் வெட்டியாச்சு. எங்கப்பா காலடியில, நல்ல எடம்." அவர் நகர்ந்த கொஞ்ச நேரத்தில் எலிசா என்னிடம் வந்தாள். சேலையெல்லாம் மண். "பாஸ்டரம்மா, பாப்பாவுக்குக் குழி வெட்டிட்டோம். நானே எறங்கி மண்ணு அள்ளினேன். எங்க பொண்ணு, எங்ககிட்டதான் இருக்கணும்."

சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு குழிகள். ஒருவருக்கொருவர் தெரியாமல், விடியற்காலையிலிருந்து. இரண்டும் அன்பினால் வெட்டியவை.

வந்திருந்த ஆயர் எங்களைத் தனியே அழைத்துப் போனார். நல்ல மனிதர், எங்கள் நன்மைக்காகத்தான் பேசினார். "ஊர்ப் பக்கமே வச்சிடுங்க. காலனிக்காரங்க புரிஞ்சிக்குவாங்க, ஊர்க்காரங்க மாட்டாங்க. இன்னிக்கு உங்க நிலைமையில இதையெல்லாம் யோசிக்கக் கூடாது. மத்ததைப் பிறகு பாத்துக்கலாம்."

சாமுவேல் என்னைப் பார்த்தார். எத்தனையோ வீடுகளில் மற்றவர்களுக்காகப் பேசியவர், அன்று, "நீயே சொல்லு. எனக்கு ஒண்ணும் தோணல," என்றார்.

எனக்கோ, பிள்ளைக்காக அழக்கூட விடாமல் இந்தக் கேள்வி குறுக்கே நிற்கிறதே என்று ஆத்திரம்தான் வந்தது. புரிந்துகொள்வார்கள் என்பதற்காகவே ஒரு பக்கத்தை எப்போதும் விட்டுவிடுவதா என்றும் இருந்தது. கால் நகர வேண்டும் போலிருந்தது. "முதல்ல போய்ப் பாத்துட்டு வரேன்," என்றேன். பிள்ளையின் பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு, தாய் முன்னால் கல்லறைக்குப் போகிற வழக்கம் எங்கும் இல்லை. யாரும் தடுக்கவில்லை. சாமுவேல் கூட வந்தார். பின்னால் கூட்டமும் வந்தது, ஊர் சாலை வாசல் வழியாக, காலனி வரப்பு வழியாக.

ஊர்ப் பக்கக் குழியின் விளிம்பில் சாமந்தியும் ரோஜாவும் தூவியிருந்தார்கள். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கக் குழியின் அடியில் வேப்பந்தழை பரப்பி, அதன்மேல் ஒரு புதுப் பாய் விரித்திருந்தார்கள். ஈர மண் உறுத்தும் என்று நினைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் குரல் வந்தது.

"ரெண்டு பேரும் என் பொண்ணுக்கு எடம் குடுத்திருக்கீங்க. எங்க பெத்தவங்க எங்களுக்கே குடுக்காத எடம். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. வந்த நாள்லேருந்து எங்களை இன்னா ஆளுங்கன்னு கேட்டுக்கினே இருக்கீங்க. இன்னிக்குச் சொல்றேன். எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் சுவருக்கு இந்தப் பக்கத்து ஆளு. இன்னொருத்தர் அந்தப் பக்கத்து ஆளு. யாரு எந்தப் பக்கம்னு சொல்ல மாட்டேன். பாப்பா ரெண்டும்தான். அவளை எந்தப் பக்கம் வச்சாலும், பெத்தவங்கள்ல ஒருத்தர் சுவருக்கு வெளிய நின்னுதான் அழணும். அது எங்களால ஆவாது."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எலிசாதான் கேட்டாள்: "அப்ப எங்கம்மா வைக்கறது?"

"சுவரு இருக்குதே, அந்த எடத்துல."

வந்திருந்த ஆயர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அம்மா, வீட்ல பெட்டி இருக்குது. ஜனங்க காத்துக்கினு இருக்காங்க."

"காத்திருக்கட்டும் ஐயா," என்றேன்.

ஞானமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். அவருக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் சிலரும் நகர்ந்தார்கள். தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது சாமுவேல் குழியோரம் கிடந்த கடப்பாரையை எடுத்தார். புத்தகத்தைவிடக் கனமான எதையும் தூக்கிப் பழகாத கை. சுவரின் நடுவில் ஓர் அடி. காரை கொஞ்சம் உதிர்ந்தது. இன்னொரு அடி. கடப்பாரை வழுக்கி அவர் முழங்காலில் பட்டது. அழுதுகொண்டே அடித்தார். சுவர் அப்படியே நின்றது.

வாசல்வரை போய்விட்ட ஞானமுத்து திரும்பி வந்தார். வேகமாக வந்தார். அடிக்கத்தான் வருகிறாரோ என்று நான் குறுக்கே போனேன். அவர் என்னைத் தாண்டிப் போய்க் கடப்பாரையைப் பிடித்தார்.

"குடுங்கையா. பெத்தவன் தன் புள்ளைக்கு எடம் வெட்டக் கூடாது."

"இது உங்கப்பா கட்டுன சுவரு, ஞானமுத்து."

"தெரியும்யா. எவ்ளோ கெட்டியாக் கட்டினாருன்னும் எனக்குத்தான் தெரியும். நான் கல்லு எடுத்துக் குடுத்தேன். நீங்க நடுவுல அடிச்சா பொழுது சாயற வரைக்கும் வுழாது. அடியில வாங்கணும்."

மண்டியிட்டு அஸ்திவாரத்தின் ஓரத்தில் வைத்து நெம்பினார். அந்தப் பக்கம் எலிசாவின் வீட்டுக்காரர் அதே இடத்தில் மண்வெட்டியோடு குனிந்திருந்தார். "இன்னும் கொஞ்சம் உங்க பக்கம் தள்ளி நெம்புங்க," என்று குரல் வந்தது. ஞானமுத்து தள்ளி நெம்பினார். முதல் செங்கல் விழுந்ததும், விலகிப் போனவர்களில் சிலர் திரும்பி வந்து கல்லைத் தூக்கி ஓரமாக அடுக்கத் தொடங்கினார்கள். ஒரு சிறுமியைக் கிடத்தும் அகலத்துக்குச் சுவர் திறந்தது. அங்கே குழி வெட்டி, அதில்தான் எங்கள் கிருபாவை வைத்தோம். நான் ஒரு பக்கமும் சாமுவேல் ஒரு பக்கமுமாக நின்று முதல் பிடி மண் போட்டோம். வேப்பந்தழையும் பாயும் இந்தக் குழிக்கு வந்தன. சாமந்தியும் ரோஜாவும் வந்தன. மற்ற இரண்டு குழிகளையும் மூடினார்கள்.

ஞானமுத்துவுக்கு அன்று மனம் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு ஒரு தகப்பன் தன் பிள்ளைக்காகக் கடப்பாரை தூக்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். அதைக் குறைவாக எண்ணாதீர்கள். முதலில் மனம் திரும்ப வேண்டும், பிறகு கை வேலை செய்யும் என்றுதான் நானும் படித்தேன். அங்கே கை முன்னால் போனது. மனம் தன் நேரத்தில் நடந்து வந்து சேர்ந்தது.

சில வாரங்களில் மேலிடத்துக்குப் புகார் போயிற்று. எங்களைக் கூப்பிட்டார்கள். ஞானமுத்துவும், யாரும் அழைக்காமலே, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் கடுமையாகக் கேட்டார்: "யாரைக் கேட்டுச் சபைச் சுவரை இடிச்சீங்க?"

சாமுவேல் வாயைத் திறப்பதற்குள் ஞானமுத்து எழுந்துவிட்டார். "ஐயா, எங்கப்பா கட்டினாரு. நான் இடிச்சேன். இது எங்க குடும்ப விஷயம். பாஸ்டரை ஏன் கேக்குறீங்க?"

அந்த அறையில் அதற்குமேல் விசாரிக்க ஒன்றும் இருக்கவில்லை. வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது, மகள் போனபிறகு முதல்முறையாக நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரித்ததற்காக எனக்குக் குற்ற உணர்வு வரவில்லை. அவள் இருந்திருந்தால் அந்தப் பேச்சை அன்று மாலையே நடித்துக்காட்டியிருப்பாள்.

ஊரில் சிலர் சும்மா இருக்கவில்லை. கல்லறையைச் சுற்றி வளைத்து மறுபடி சுவரைச் சேர்த்துவிடலாம் என்று பேசினார்கள். சாமுவேல் பொங்கினார். சுவரைப் பற்றி அடுத்த ஞாயிறு பிரசங்கம் பண்ணப்போகிறேன் என்று உட்கார்ந்து தயாரித்தார். அருமையான பிரசங்கம். நான் வேண்டாம் என்றேன்.

"ஏன்? இதைவிட நல்ல சமயம் எப்ப வரும்?"

"நீங்க பேசினா அது உங்க வெற்றி ஆயிடும். உடனே அவங்களுக்குச் சுவரைக் காப்பாத்தணும்னு வீறாப்பு வரும். இப்ப அது அவங்க கையால செஞ்சது. அவங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் என்னோடு பேசாமல் இரண்டொரு நாள் இருந்தார். பிறகு அந்தப் பிரசங்கத்தைச் செய்யவேயில்லை. நாங்கள் அங்கே இருந்த காலம் முழுவதும் சுவர் என்ற வார்த்தை பிரசங்க பீடத்திலிருந்து வந்ததில்லை. பேசாமல் இருப்பதும் ஊழியத்தில் ஒரு வேலை, கஷ்டமான வேலை.

நான் செய்தது ஒன்றுதான். ஆராதனை முடிந்ததும் கிருபாவின் பக்கத்தில் போய் உட்காருவேன். ஊழியம் என்று நினைத்துச் செய்யவில்லை. அவளோடு இருக்க வேண்டும்போல் இருந்தது. முதலில் எலிசா வந்தாள். பிறகு ஞானமுத்துவின் அம்மா கைத்தடியோடு வந்தார். ஒருவர் இந்தப் பக்கக் கல்லில், ஒருவர் அந்தப் பக்கக் கல்லில். மழை இல்லை, களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கொஞ்ச நாளில் இன்னும் சில பெண்கள் வந்தார்கள். திறப்பு வழியாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போவது பழகிவிட்டது. வரப்பில் சுற்றிப் போக யாருக்கும் பொறுமையில்லை.

அந்தக் கிறிஸ்துமஸ் எங்களுக்குக் கடினமாக இருந்தது. பாடகர் குழுவில் ஒரு குரல் தப்பாமல் எல்லாம் சரியாகப் பாடினார்கள், அதுவே தாங்க முடியவில்லை. ஞானமுத்து அறிவிப்பு வாசிக்க எழுந்தார். தொண்டையைச் செருமினார். "ஆகவே சபையார் அனைவரும்" என்று இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். முன் வரிசையில் கிருபா வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த எலிசா எழுந்து, அதே இழுப்போடு, "ஆகவே சபையார் அனைவரும்" என்றாள். சபையே சிரித்தது, சபையே அழுதது. ஞானமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியை வாசித்தார்.

அதன்பின் சுவர் போன விதம்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. யாரும் இடிக்கவில்லை. ஞானமுத்துவின் அம்மா படுக்கையில் விழுந்தபோது மகனைக் கூப்பிட்டு, "என்னைக் கொண்டுபோய் உங்கப்பாகிட்ட வைக்காதடா. உயிரோட இருக்கும்போதே அந்த மனுசன் என்னோட பேசல. பாப்பா பக்கத்துல வையி," என்றார். பாப்பா பக்கத்தில் வைக்க வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் சுவரை எடுக்க வேண்டும். எடுத்தார்கள். மறு வருடம் காலனியில் எலிசாவின் மாமனார் கேட்டார், பாப்பாவின் மறுபக்கத்தில். இன்னும் கொஞ்சம் போயிற்று. எங்களைத் திண்டிவனம் டவுனுக்கு மாற்றிய பிறகும் அது நிற்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் துக்கத்தில் ஒரு துண்டு, கோபம் இல்லாமல், தானே எடுத்தது.

இடையில் எனக்குப் பட்டம் கொடுத்தார்கள். விழுப்புரத்தில், பாஸ்டரம்மாவாக முக்காடு சரிசெய்த அதே நகரத்தில், ஆயராக நின்றேன். 2010-க்குப் பிறகு ஒரு நாள் ஞானமுத்துவிடமிருந்து போன் வந்தது. கல்லறைத் தோட்டத்துக்கு ஒரே வாசலாக, பெரிய வாசலாகக் கட்டியிருக்கிறார்கள், நீங்கள்தான் வந்து ஜெபம் பண்ணித் திறக்க வேண்டும் என்றார். "ஐயாவை இல்லையா?" என்றேன். "ஐயா கூட வரட்டும். ஆனா நீங்கதாம்மா."

போனோம். காலையில் ஆலயத்தில் திருவிருந்து நான் கொடுத்தேன். அப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, இந்த மாத முறை எந்தப் பக்கமிருந்து என்று பழக்கத்தில் ஞானமுத்துவைப் பார்த்தேன். அவர் சபையைக் கையால் காட்டினார். எல்லோரும் பெஞ்சில், கலந்து உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது? எனக்குக் கிட்டத்தில் இருந்தவரிடமிருந்து தொடங்கினேன். முப்பது நிமிடப் பிரசங்கம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன், அதைப் பையிலேயே விட்டுவிட்டேன்.

உங்களுக்கு என்ன சொல்வது? உங்கள் வீட்டிலும் துக்கம் வரும். ஆயர் வீடு என்று அது விலகிப் போகாது. அப்போது பலமாக நடிக்காதீர்கள். நாங்கள் எங்கள் துக்கத்தைச் சபைக்கு முன்னால் மறைக்கவில்லை, அதை வைத்துச் சபையை மிரட்டவும் இல்லை. அவர்களும் அதைச் சுமக்க இடம் கொடுத்தோம். கிருபா போனதற்கு இது ஈடு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஈடு கிடையாது. ஆனால் அவள் பெயரால் ஒரு ஊர் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தேன். அதில் எனக்குப் பெருமை, மறைக்காமல் சொல்கிறேன்.

வாசலைத் திறந்து உள்ளே போனபோது, ஊருக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணும் கூட வந்தாள். செய்யூர்ப் பக்கத்துப் பெண். அவளுக்கு எதுவும் தெரியாது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏன் மாமா, மத்ததெல்லாம் அங்கங்க இருக்குது, நடுவுல இந்தக் கல்லறைங்க மட்டும் கோடு போட்ட மாதிரி வரிசையா இருக்குதே?"

நான் வாயைத் திறந்தேன். சாமுவேல் என் கையை அழுத்தினார். ஞானமுத்து பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தோம். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுவா? எங்க பாப்பா பக்கத்துல எடம் புடிக்க எல்லாருக்கும் போட்டிம்மா. எனக்கும் ஒரு எடம் சொல்லி வச்சிருக்குறேன்."

"எந்த எடத்தைச் சொல்றே அண்ணே?" என்றாள் எலிசா பின்னாலிருந்து. "அந்தக் கோடியா? அதை நான் உனக்கு முன்னாடியே சொல்லி வச்சாச்சு. நீ வேற பாத்துக்கோ."